வீட்டிலேயே தைக்கும் தொங்கு படுக்கையும் அதற்கான மழை மறைப்பும்: துணி, கயிறு, கட்டும் முறை குறித்து ஆலோசனை தேவை

வினவியவர்: வெள்ளவத்தைவாசி

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். விடுமுறை நாட்களில் காட்டோரத்தில் ஓரிரவு தங்கிவரும் பழக்கம் சில ஆண்டுகளாக உண்டு. கூடாரத்தில் படுக்கும்போது ஈரத்தரையும் வேர்களும் தூக்கத்தைக் கெடுப்பதால், இரு மரங்களுக்கிடையே கட்டும் தொங்கு படுக்கையையும் அதன்மேல் ஒரு மழை மறைப்பையும் நானே தைத்துக்கொள்ள விரும்புகிறேன். அம்மாவின் பழைய தையல் இயந்திரம் வீட்டில் இருக்கிறது.

ஒருமுறை முயன்றும் பார்த்தேன். அவிசாவளைக்கு அருகில் உறவினர் தோட்டத்தில், ஒரு கனமான திரைச்சீலைத் துணியின் இரு முனைகளையும் முடிந்து, கடையில் கிடைக்கும் நீல நிறக் கயிற்றால் இரண்டு இறப்பர் மரங்களில் கட்டினேன். படுக்கை கட்டிலைப் போலச் சமமாக இருக்க வேண்டும் என்று எண்ணிக் கயிற்றை இயன்ற மட்டும் இறுக்கி இழுத்தேன். நள்ளிரவில் விழித்தபோது முதுகு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கயிறு மரப்பட்டைக்குள் அழுந்தியிருந்தது. அதிகாலையில் மழை வந்தது. மேலே கட்டியிருந்த தறப்பாள் ஒழுகவில்லை. ஆனால் மரத்தில் வழிந்த நீர் கயிறு வழியாக இறங்கித் தலைப்பக்கத் துணி முழுவதையும் நனைத்துவிட்டது.

டிசம்பர் விடுமுறையில் அக்காவின் மகனையும் அழைத்துக்கொண்டு கித்துல்கலைப் பக்கம் செல்ல எண்ணியிருக்கிறேன். அவனுக்கு வயது 14. அவனுக்கும் ஒன்று தைக்க வேண்டும் என்பதால் இம்முறை தவறு நேரக்கூடாது. எந்தத் துணி, எத்தனை மீற்றர், எந்தக் கயிறு, எவ்வளவு உயரம் என்று விளக்கமாகச் சொல்வீர்களா? முதலில் எங்கள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் செங்கல் தூணுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையே கட்டிச் சோதித்துப் பார்க்கலாமா?

பதில் 1: தெஹிவளைப் பொறியாளர்

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதுதான் அவசரமானது. மொட்டை மாடியில் கட்டவே கட்டாதீர்கள். செங்கல் தூண் மேலிருந்து கீழ்நோக்கி வரும் பாரத்தைத் தாங்குவதற்காகக் கட்டப்படுவது. பக்கவாட்டில் இழுக்கும் விசையைத் தாங்கும் கம்பி அதற்குள் பெரும்பாலும் இருப்பதில்லை. தொங்கு படுக்கையோ முழுக்க முழுக்கப் பக்கவாட்டு இழுவையால் நிற்பது. தூண் சரிந்தால் அது படுத்திருப்பவரின் மேலேயேதான் விழும், ஏனெனில் கயிறு அதை அவரை நோக்கியே இழுக்கிறது. கைப்பிடிச் சுவருக்கும் இதே கதைதான்.

இனி, உங்கள் முதல் முயற்சி ஏன் தவறியது என்பதைப் பார்ப்போம். கயிறு சமமாக இருந்தால் படுக்கையும் சமமாக இருக்கும் என்று எண்ணியது இயல்பே. ஆனால் கயிறு கிடைமட்டத்தை நெருங்க நெருங்க அதிலுள்ள இழுவிசை பல மடங்காகப் பெருகும். 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் படுத்திருக்கிறார் என்று கொள்வோம். கயிறு கிடைமட்டத்துடன் 30 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 80 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான இழுவிசை இருக்கும். 15 பாகையில் அது ஏறத்தாழ 155 ஆகும். 10 பாகையில் 230. 5 பாகைக்கு வந்துவிட்டால் 460. நீங்கள் இழுத்து இறுக்கிய கயிறு அந்தக் கடைசி எண்களுக்கு அருகில்தான் இருந்திருக்கும். ஆகவே கயிறு நீண்டது, பட்டைக்குள் அழுந்தியது, நீங்களும் தரைக்கு வந்துவிட்டீர்கள். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் வலிமை பாதியளவுக்குக்கூடக் குறையலாம் என்பதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே 30 பாகையையே இலக்காக வையுங்கள். கோணமானி தேவையில்லை, கயிறு கிடையாக 1 மீற்றர் செல்லும் தூரத்தில் 58 சென்ரிமீற்றர் உயர்ந்தால் அது 30 பாகைதான். துணியின் இரு முனைகளையும் இணைத்து, படுக்கைக்கு மேலாக ஒரு மெல்லிய நீளாத கயிற்றைக் கட்டிவிட்டால் வேலை இன்னும் எளிதாகும். அதன் நீளம் துணி நீளத்தின் 83 சதவீதம் இருக்கட்டும். துணி 3.35 மீற்றர் என்றால் கயிறு 2.78 மீற்றர். மரங்கள் எவ்வளவு தள்ளி நின்றாலும் படுக்கையின் தொய்வை இந்தக் கயிறு ஒரே அளவில் வைத்திருக்கும். நீங்கள் படுத்த பின் அதை இரு விரல்களால் பிடித்து வளைக்க முடிய வேண்டும். வீணைத் தந்தியைப் போல விறைத்து நின்றால் மரத்தில் கட்டியதை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள் என்பது பொருள்.

மரங்களுக்கிடையே 4 முதல் 5 மீற்றர் இடைவெளி மிகப் பொருத்தமானது. மேற்சொன்ன அளவுகளோடு, இருக்கை உயரம் 45 சென்ரிமீற்றர் வர வேண்டுமானால், 4.5 மீற்றர் இடைவெளியில் மரத்தைச் சுற்றும் பட்டியை ஏறத்தாழ 1.9 மீற்றர் உயரத்தில் கட்ட வேண்டும். தென்னந்தோட்டங்களில் மரங்கள் சுமார் 8 மீற்றர் இடைவெளியில் நடப்பட்டிருக்கும். அங்கே கட்டினால் அந்த உயரம் 2.9 மீற்றராகிவிடும், ஏணி வேண்டியிருக்கும். தேங்காயும் மட்டையும் விழும் இடத்தின் கீழே யாரும் படுக்கக்கூடாது என்பதால் தென்னையை நான் எப்படியும் ஒதுக்கிவிடுவேன். 45 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்த்துவதிலும் பயனில்லை. அவிழ்ந்து விழுந்தால் அடிபடாத உயரமே நல்ல உயரம், அதுவும் சிறுவன் படுக்கும்போது.

மரத்தைச் சுற்றுவதற்குக் கயிறு வேண்டாம். குறைந்தது 25 மில்லிமீற்றர் அகலமுள்ள பொலியெஸ்டர் நாடாப்பட்டியைப் பயன்படுத்துங்கள். நைலோன் பட்டி நனைந்தால் மேலும் நீளும். பஞ்சிகாவத்தையில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் கடைகளில் ஆசனப் பட்டி கிடைக்கும். அது இதைவிட அகலமானது, வலிமையானது. ஆனால் வெயிலில் நிறம் வெளுத்ததையோ ஓரம் பிசிறிட்டதையோ வாங்காதீர்கள். சாவிக்கொத்தில் மாட்டுகின்ற சிறு அலுமினியக் கொக்கிகள் மலையேற்றக் கொக்கிகளைப் போலவே தோன்றும். அவை பாரம் தாங்குபவை அல்ல. தாங்கும் சுமை பொறிக்கப்பட்டிருக்கும் கொக்கியை மட்டும் நம்புங்கள். கிடைக்காவிட்டால் முடிச்சே போதும்.

பதில் 2: கொட்டாஞ்சேனைத் தையற்காரி

வணக்கம் தம்பி. ஆடைத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்பதால் துணியையும் தையலையும் பற்றி நான் சொல்கிறேன்.

திரைச்சீலைத் துணி கனமாக இருப்பதால் வலிமையானது என்று நினைக்க வேண்டாம். அது தொங்குவதற்காக நெய்யப்பட்டது, பாரம் தாங்குவதற்காக அல்ல. உங்களுக்குத் தேவையானது ரிப்ஸ்டாப் நைலோன். ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சிறுசிறு கட்டங்கள் தெரியும். கட்டக் கோடுகளில் ஓடும் தடித்த நூல்கள், ஓரிடத்தில் கிழிந்தாலும் கிழிசல் பரவாமல் தடுக்கும். ஒரு சதுர மீற்றருக்கு 60 முதல் 70 கிராம் எடையுள்ளது போதும். நம் நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகளின் மிச்சத் துணி வெளியே விற்பனைக்கு வருவதால், மகரகமைக்கு அருகிலுள்ள பமுணுவவிலும் புறக்கோட்டைக் கெய்சர் தெருப் பக்கத்திலும் மழைச் சட்டைக்கும் விளையாட்டு உடைக்கும் பயன்படும் இத்தகைய துணியைத் தேடிப் பாருங்கள். வாங்குமுன் துணியை வாயில் அழுத்தி ஊதுங்கள். காற்று ஊடுருவிச் சென்றால் அது படுக்கைக்கு உகந்தது. காற்றே போகாவிட்டால் பின்புறம் பூச்சு இருக்கிறது என்று பொருள். அது மழை மறைப்புக்கு நல்லது, படுக்கைக்கு ஆகாது. அதில் படுத்தால் விடியும்போது வியர்வையில் நனைந்திருப்பீர்கள்.

அகலம் 1.5 மீற்றர் இருக்க வேண்டும். நீளத்துக்கு ஒரே துண்டாக 3.5 மீற்றர் வாங்குங்கள். ஓரம் மடித்துத் தைத்த பின் 3.35 மீற்றர் வரும். நடுவில் ஒட்டுப் போடாதீர்கள். நீள ஓரங்களை 1 சென்ரிமீற்றருக்கு இருமுறை மடித்து ஒரு தையல் போட்டால் போதும். முனைகளை 4 சென்ரிமீற்றருக்கு மடித்து மூன்று வரிசை தையுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். பொலியெஸ்டர் நூலே வேண்டும். தையலின் நீளம் 3 மில்லிமீற்றர் இருக்கட்டும். நெருக்கமாகத் தைத்தால் பலம் கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். மெல்லிய நைலோனில் நெருங்கிய ஊசித் துளைகள் தபால் முத்திரையின் ஓரத்தைப் போலக் கிழிவதற்கு வழி போட்டுக் கொடுக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பாரம் தையலில் விழக்கூடாது. துணியின் முனையைப் பட்டு வேட்டிக்குக் கொசுவம் வைப்பதைப் போல விசிறி மடிப்பாக மடித்துச் சேர்த்து, தைத்த ஓரத்துக்குச் சற்று உள்ளே, மெல்லிய வலுவான கயிற்றால் எட்டுப் பத்துச் சுற்று இறுகச் சுற்றிக் கட்டுங்கள். தடித்த ஓரம் அந்தக் கட்டு நழுவாமல் தடுக்கும். பாரம் முழுவதையும் துணியே தாங்கும். மடிப்புகள் ஒரே அளவில் இருந்தால் படுக்கையில் சுருக்கம் விழாது. நான் இதற்கு அரை மணி நேரம் செலவிடுவேன். அது வீண்போவதே இல்லை.

நம் வீடுகளில் குழந்தைக்குக் கட்டும் ஏணையில் துணி மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கம்பை வைப்போம். அந்த நினைவில் பெரியவர் படுக்கைக்கும் குறுக்குக் கம்பு வைக்கத் தோன்றும். வேண்டாம். ஏணையில் குழந்தை ஆழத்தில் கிடக்கிறது. பெரியவரின் படுக்கையில் குறுக்குக் கம்பு வைத்தால் துணி தட்டையாக விரிந்து, உடலின் பாரம் மேலேறி, புரண்டவுடன் கவிழ்த்துவிடும். முதுகு வாழைப்பழம்போல் வளையாமல் இருக்க வேண்டுமானால் கம்பு தேவையில்லை, மூலைவாட்டில் படுத்தால் போதும். தலை ஒரு பக்கம், கால் எதிர்ப்பக்கம் என்று நடுக்கோட்டிலிருந்து விலகிப் படுக்கும்போது துணி தானாகவே சமமாகும். 1.5 மீற்றர் அகலம் கேட்டதும் இதற்காகத்தான்.

நுளம்பு வலையையும் மறந்துவிடாதீர்கள். மெல்லிய துணியானால் நுளம்பு கீழிருந்தே முதுகில் கடித்துவிடும். ஆகவே மேலே மட்டும் விரிக்கும் வலை பயன்படாது. படுக்கை முழுவதையும் உள்ளே வாங்கிக்கொள்ளும் நீண்ட உறையாகத் தைத்து, இரு முனைகளிலும் சுருக்குக் கயிறு கோத்துவிடுங்கள். டெங்கு நுளம்பு பகலிலும் கடிக்கும் என்பதால் பிற்பகல் ஓய்வுக்கும் வலை வேண்டும். படுக்கைத் துணியை இரண்டு அடுக்காகத் தைத்தால் கீழ்க்கடியும் இல்லை, இடையில் ஒரு விரிப்பையும் செருகிக்கொள்ளலாம்.

பதில் 3: ஹட்டனிலிருந்து வந்தவன்

அக்கா சொன்ன இரண்டு அடுக்கு யோசனையில் மட்டும் எனக்கு உடன்பாடு குறைவு. கித்துல்கலை மழையில் ஒருமுறை நனைந்தால் இரண்டு அடுக்குத் துணி அடுத்த நாள் வரை காயாது. ஓரடுக்கே போதும், மென்நுரை விரிப்பு ஒன்றை உள்ளே போட்டுக்கொண்டால் நுளம்புக்கும் குளிருக்கும் அதுவே தடை. குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொங்கு படுக்கையில் குளிர் கீழிருந்துதான் வரும். போர்வையை அடியில் விரித்தால் உடல் அதை நசுக்கிவிடுவதால் அது வெப்பத்தைக் காக்காது. கொழும்பிலும் கித்துல்கலையிலும் இது பெரிய பிரச்சினை அல்ல. ஆனால் சனவரி, பெப்ரவரி மாதங்களில் உறைபனி விழும் ஹோட்டன் சமவெளி, நுவரெலியாப் பக்கம் போனால் நுரை விரிப்பு இல்லாமல் தூங்க முடியாது.

அண்ணா, மரத்தைத் தெரிவு செய்வதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மார்பளவு உயரத்தில் குறைந்தது 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உயிருள்ள மரமாக இருக்க வேண்டும். கட்டுமுன் தலையை உயர்த்தி, மேலே பட்டுப்போன கிளை ஏதும் தொங்குகிறதா என்று பாருங்கள். அல்பீசியாவும் யூக்கலிப்டசும் காற்று இல்லாமலே கிளை முறிக்கும்; நான் அவற்றின் கீழ் படுக்க மாட்டேன். இறப்பர் மரம் ஒருவரின் பிழைப்பு. பால் வெட்டும் பட்டையில் கயிறு அழுந்தினால் அந்தக் காயம் ஆறுவது கடினம். இயன்றவரை அதைத் தவிருங்கள், தோட்டக்காரரின் அனுமதியோடு கட்டினாலும் வெட்டுப் பகுதிக்கு மேலே அகலப் பட்டியால் கட்டுங்கள். பலா, மா, ஆற்றோரத்து மருது ஆகியவை நம்பத்தக்கவை. மரத்தில் முசுறுக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டி வழியாக அவை நேரே உங்களிடம் வந்துவிடும்.

மருதமரம் ஆற்றங்கரையில் நிற்கும் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கித்துல்கலையில் களனி ஆற்றுக்கு மேற்புறத்தில் நீர்மின் நிலையங்கள் இருப்பதால், அங்கே நீர் திறந்துவிடப்படும்போது உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி மழை இல்லாமலே ஆறு உயரும். மணற்திட்டிலும் தாழ்ந்த கரையிலும் கட்டாதீர்கள். கரையில் பழைய வெள்ளத்தின் சருகுகள் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பார்த்து, அதற்கும் மேலே செல்லுங்கள். வனத்துக்குள் தங்குவதாயின் உரிய திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். யானை நடமாடும் உலர்வலயக் காடுகளில் தொங்கு படுக்கையை நினைக்கவே வேண்டாம்.

இனி மழை. 3 மீற்றர் சதுரத் தறப்பாளைச் சதுரமாக விரிக்காமல் மூலைவாட்டில் விரியுங்கள். மூலைக்கு மூலை 4.2 மீற்றர் வருவதால், 2.78 மீற்றர் படுக்கைக்கு இரு பக்கமும் 70 சென்ரிமீற்றர் மிஞ்சும். மற்ற இரு மூலைகளையும் தரையில் முளையடித்துக் கட்ட வேண்டும். காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்திவிடுங்கள். தறப்பாளின் கயிற்றைப் படுக்கைப் பட்டியில் கட்டாமல், அதற்கு மேலே மரத்தில் தனியாகக் கட்டுங்கள். நீங்கள் படுத்ததும் படுக்கை இறங்கும். தறப்பாள் அதோடு சேர்ந்து தொய்ந்துவிடக்கூடாது.

உங்களை நனைத்த நீரைத் தடுக்கும் வழி மிகச் சிறியது. தறப்பாளின் நிழலுக்குள், துணி தொடங்குவதற்கு ஒரு சாண் முன்பாக, பட்டியில் ஒரு பருத்தித் துணிக் கீற்றை முடிந்து கீழே தொங்கவிடுங்கள். பட்டி வழியாக வரும் நீர் அந்தக் கீற்றில் இறங்கி நிலத்தில் சொட்டும். இரு பக்கமும் கட்ட வேண்டும். ஈரவலயத்தில் அட்டைகளும் இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் காலில் சவர்க்காரம் பூசுவார்கள், நான் பட்டியிலும் ஒரு சாண் அளவுக்கு அதையே பூசிவிடுகிறேன். சப்பாத்தையும் பையையும் தரையில் வைக்காமல் மேலே தொங்கவிடுங்கள்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மார்ச், ஏப்ரலிலும் பிற்பகலில் இடிமுழக்கம் மிகுதி. இடி கேட்டால் மரத்தடியை விட்டுவிட்டு வாகனத்துக்கோ வீட்டுக்கோ போய்விடுங்கள். அந்த நேரத்தில் எந்தத் தறப்பாளும் பாதுகாப்பு அல்ல.

மீண்டும் வினவியவர்: வெள்ளவத்தைவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மொட்டை மாடி யோசனையைக் கைவிட்டேன். பமுணுவவில் கரும்பச்சை நிறத் துணி கிடைத்தது. ஊதிப் பார்த்துத்தான் வாங்கினேன். தைக்க இரண்டு மாலைகள் ஆயின. முனை மடிப்புகளை மூன்று முறை அவிழ்த்து மீண்டும் கட்டினேன். மூன்றாவது முறைதான் சமமாக வந்தது.

சென்ற சனிக்கிழமை அதே அவிசாவளைத் தோட்டத்தில், 4.6 மீற்றர் இடைவெளியில் நின்ற ஒரு பலாவுக்கும் மாவுக்கும் இடையே கட்டினேன். முதலில் மணல் நிரப்பிய மூட்டையை வைத்து ஒரு மணி நேரம் விட்டோம். படுக்கை சுமார் 10 சென்ரிமீற்றர் இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. துணி நீண்ட அளவு அது என்று நினைக்கிறேன். அதற்கேற்பப் பட்டியை உயர்த்திய பின் நானும், தனக்குத் தைத்ததில் மருமகனும் படுத்தோம். இரவு பதினொரு மணிக்குப் பெருமழை பெய்தது. பருத்திக் கீற்றுகள் இரண்டிலிருந்தும் நீர் சொட்டிக்கொண்டே இருந்ததைக் கைவிளக்கின் ஒளியில் பார்த்தோம். துணி காய்ந்தே இருந்தது.

ஒரே குறை, தூக்கத்தில் உடல் மெல்ல மெல்லக் கால்பக்கம் வழுக்கி நடுவில் குவிந்துவிடுகிறது. விடியும்போது முழங்கால்கள் பின்னோக்கி அழுத்தப்பட்டதுபோல் வலித்தன. இதற்கு என்ன செய்யலாம்?

பதில் 4: கொட்டாஞ்சேனைத் தையற்காரி

கால்பக்கப் பட்டியைத் தலைப்பக்கத்தைவிட 20 சென்ரிமீற்றர் அளவுக்கு உயர்த்திக் கட்டுங்கள் தம்பி. உடலின் பாரம் இடுப்புக்கு மேலேதான் கூடுதலாக இருக்கிறது. இரு பக்கமும் ஒரே உயரமானால் பாரம் நடுவை நோக்கிச் சரியும்போது உடலும் கூடவே கால்பக்கம் போகும். முழங்காலுக்குக் கீழே ஒரு சாரத்தைச் சுருட்டி வையுங்கள், மடங்கிய நிலையில் வலிக்காது. மூலைவாட்டில் எந்தப் பக்கம் கால் வைக்கிறீர்கள் என்பதையும் மாற்றிப் பாருங்கள். சிலருக்கு வலப்பக்கம் ஒத்துவரும், சிலருக்கு இடப்பக்கம்.

வீடு திரும்பியதும் துணியைச் சுருட்டியே வைத்துவிடாமல் நிழலில் விரித்துக் காயவிடுங்கள். நைலோனுக்கு வெயில் ஆகாது.

மீண்டும் வினவியவர்: வெள்ளவத்தைவாசி

நன்றி அக்கா. கால்பக்கப் பட்டியில் 20 சென்ரிமீற்றருக்கு ஒரு சிவப்பு நூல் அடையாளம் தைத்துவிட்டேன். மருமகனின் பட்டியிலும் தைத்தாயிற்று. துணிகள் இரண்டும் இப்போது வீட்டு விறாந்தையில் காய்கின்றன.